பிராங்க்ளினின் பதின்மூன்று நற்பண்புகள்

அமெரிக்க அச்சக உரிமையாளரும் அறிவியலாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790), தம்மைத் தாமே திருத்திக்கொள்ள இளமையில் வகுத்த பயிற்சித் திட்டம். பாரிசை அடுத்த பாசியில் வாழ்ந்தபோது, 1784இல், தன்வரலாற்றின் இரண்டாம் பகுதியில் இதை விவரித்தார்.

உணவிலும் மதுவிலும் அளவு, பேச்சடக்கம், ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, நிதானம், தூய்மை, மன அமைதி, பாலியல் ஒழுக்கம், பணிவு ஆகியவை அந்தப் பண்புகள். முதலில் 12 மட்டுமே இருந்தன. அவரிடம் செருக்கு தெரிவதாகக் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் எடுத்துச்சொன்ன பிறகே பணிவு சேர்ந்தது.

முறை எளியது. சிறிய குறிப்பேட்டில் பண்புக்கு ஒரு பக்கம். அதில் கிழமைகளுக்கு ஏழு கட்டங்கள், பண்புகளுக்கு 13 வரிகள். அன்றன்று நேர்ந்த தவறுக்குக் கறுப்புப் புள்ளி வைப்பார். வாரத்துக்கு ஒரு பண்பில் முழுக் கவனம். 13 வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதும், ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்த ஏடுகளுக்கு மாறினார்.

காலை 5 மணிக்கு எழுந்து, அன்று செய்யவேண்டிய நன்மை எதுவெனத் தம்மையே கேட்பார்; மாலையில் செய்த நன்மையைக் கணக்குப் பார்ப்பார்.

ஒழுங்குதான் அவரை மிகவும் சோதித்தது. பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கும் பழக்கம் கடைசிவரை கைகூடவில்லை. ஆயினும் இம்முயற்சியால் முன்னைவிட நல்ல, மகிழ்ச்சியான மனிதரானதாகவே அவர் எழுதினார்.