ஒரு சிப்பம் சீசியம்

ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையம். 1986 ஏப்ரல் 28, திங்கட்கிழமை காலை. ஊழியர் ஒருவர் கதிரியக்கச் சோதனை வாசலைக் கடந்தபோது அபாய மணி அடித்தது. அன்று அவர் உலைப் பக்கமே போகவில்லை. சோதித்துப் பார்த்தால், காலணியில் இருக்கிறது கதிரியக்கம். தங்கள் உலைதான் எங்கோ ஒழுகுகிறது என்று பதறி, நூற்றுக்கணக்கானவர்களை வெளியே அனுப்பிவிட்டு மூலைமுடுக்கெல்லாம் தேடினார்கள். ஒழுகல் எதுவும் இல்லை. அழுக்கு வெளியேயிருந்து, வருகிறவர்களின் காலோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. காற்று வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். கோடு சோவியத் ஒன்றியத்துக்குள் போய் நின்றது. அன்று இரவு 9 மணிச் செய்தியில் மாஸ்கோ தொலைக்காட்சி சில வரிகளில் ஒப்புக்கொண்டது. செர்னோபில் உலை வெடித்து அப்போது ஏறக்குறைய மூன்று நாள்.

1,100 கி.மீ. கடந்து அந்தக் காலணியில் ஏறியவை பல. அவற்றில் ஒன்றை மட்டும் பின்தொடர்வோம்: சீசியம்-137.

பிறக்கும்போது பெரும்பாலும் அதற்கு இந்தப் பெயர் கிடையாது. யுரேனிய அணு பிளக்கும்போது அயோடினாகவோ செனானாகவோ பிறந்து, சில நிமிடங்களில் சீசியமாக மாறுகிறது. அதன்பின் அவசரமே இல்லை. இருப்பதில் பாதி சிதைய 30 ஆண்டு ஆகும். உலை ஒழுங்காக ஓடும்வரை எரிபொருளோடு அடைபட்டுக் கிடக்கும். ஏப்ரல் 26 அதிகாலை 1.23க்கு நான்காம் உலை வெடித்தபோது அந்தச் சிறை உடைந்தது. கனமான எரிபொருள் துகள்கள் பக்கத்திலேயே விழுந்துவிட்டன. சீசியமோ 671 டிகிரியிலேயே கொதிப்பது. ஆவியாகி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் எழுந்து, குளிர்ந்து, நுண்ணிய தூசியில் தொற்றிக்கொண்டு கிளம்பியது. சுமார் பத்து நாள் உலை கக்கிக்கொண்டிருந்தது. காற்றும் அத்தனை நாளும் திசை மாறிக்கொண்டிருந்தது. முதலில் வடமேற்கு, பிறகு மத்திய ஐரோப்பா, பிறகு தெற்கே பால்கன் நாடுகள்.

வெளியேறிய சீசியம்-137இன் அளவு சுமார் 85 பெட்டா பெக்கரல் என்று நூல்கள் சொல்லும். இந்த எண்ணைக் கேட்டு எதையும் மனக்கண்ணில் கொண்டுவர முடியாது. எடையாக மாற்றினால் 26 கிலோ சொச்சம். அரிசிக் கடையில் தூக்கிப் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த ஒரு சிப்பம். ஒரு கண்டத்தின் மேல் தூவப்பட்டது அவ்வளவுதான்.

தூவியது காற்று, இறக்கியது மழை. இந்த இரண்டாவது பாதிதான் வரைபடத்தின் முன் உட்கார்ந்தவர்களுக்கு உறைக்கவில்லை. உலையை நடுவில் வைத்து 30 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். ஆனால் 200 கி.மீ.க்கு அப்பால், பெலாரஸின் மொகிலேவ் பகுதியிலும் ரஷ்யாவின் பிரியான்ஸ்க் பகுதியிலும் அந்த நாட்களில் மழை பெய்தது. வட்டத்துக்குள் இருந்த சில இடங்களைவிட அங்கே மண்ணில் சீசியம் அதிகம். ஸ்வீடனில் யெவ்லே நகரைச் சுற்றி மழை கொட்டியது, மாட்டிக்கொண்டது. ஸ்டாக்ஹோம் பெரும்பாலும் தப்பியது. பிரான்சில் ஏப்ரல் 30 அன்று தொலைக்காட்சி வானிலை அறிக்கையில் நாட்டு எல்லையின் மேல் ‘நில்’ என்ற சாலைப் பலகையையே காட்டினார்கள், உயரழுத்தம் தடுத்துவிடும் என்று. மேகத்துக்குப் படிக்கத் தெரியவில்லை. கிழக்குப் பிரான்சிலும் கோர்சிகாத் தீவிலும் இறங்கியது.

மே 2, 3 தேதிகளில் பிரிட்டனின் மலைப்பகுதிகளில் கனமழை. கம்பிரியா, வடக்கு வேல்ஸ், ஸ்காட்லாந்து எல்லாம் ஆட்டுக்காரர்களின் சீமை. கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவந்த அரசு, ஜூன் 20 அன்று ஆடுகளை நகர்த்தவும் வெட்டவும் தடை போட்டது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். கடைசிப் பண்ணை விடுபட்டது 2012இல்.

கணக்கில் பிழையில்லை, மண்ணில்தான் பிழை. களிமண்ணின் மெல்லிய அடுக்குகளுக்கு இடையில் சீசியம் போய்ச் சிக்கினால் வேருக்கு எட்டாது. அந்தக் களிமண்ணை நினைத்துக்கொண்டு நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். மலைமேல் இருந்ததோ செடியும் பாசியும் மட்கிச் சேர்ந்த கரிய புளிப்பு மண். சீசியத்தைப் பிடித்துவைக்க அங்கே ஆளில்லை. வேதியியலில் அது பொட்டாசியத்தின் பங்காளி. பொட்டாசியத்துக்கு ஏங்கும் புல் வேர், பங்காளியையும் சேர்த்தே உறிஞ்சிக்கொண்டது. புல்லை ஆடு தின்றது, புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்குத் திரும்பின, மறுபடி புல். அளவு மீறிய ஆட்டின் மேல் சாயம் பூசி அடையாளம் வைத்தார்கள். கம்பிரிய ஆட்டுக்காரர்களோடு பேசி எழுதிய சமூகவியலாளர் பிரையன் வின், அவர்களுடைய ஆத்திரத்தைப் பதிவு செய்திருக்கிறார்: மேய்ச்சலையும் மண்ணையும் அறிந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1957இல் தீப்பிடித்த விண்ட்ஸ்கேல் உலை பக்கத்திலேயே இருந்ததால், இது செர்னோபில் சரக்குதானா என்றே பலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வடக்கே கதை வேறு. பிரியாணியில் கல்பாசி போடுகிறோமே, அந்த வகையறாதான் ஸ்காண்டிநேவியப் பனிமான்களின் குளிர்காலத் தீனி. அதற்கு வேர் கிடையாது. வேண்டியதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் நேரே எடுத்துக்கொள்ளும். சீசியத்துக்கு இதைவிட வசதியான சத்திரம் அமையாது. அந்த ஆண்டு ஸ்வீடனில் சாமி இனத்தவர் வெட்டிய மான்களில் பெரும்பகுதியைத் தின்னத் தகாதது என்று ஒதுக்கினார்கள். மான் மேய்க்கும் பிழைப்பே அழிந்துவிடும் என்று பட்டதும், கிலோவுக்கு 300 பெக்கரல் என்ற வரம்பு 1987இல் 1,500 ஆனது. நார்வேயில் பிரஷ்யன் நீலம் என்ற சாயத்தை உப்புக்கட்டியில் கலந்து கால்நடைகளை நக்கவிட்டார்கள். குடலிலேயே சீசியத்தைப் பிடித்து வெளியேற்றும் பொருள் அது. 1860இல் புன்சனும் கிர்க்காஃபும் இந்தத் தனிமத்தைக் கண்டபோது, நிறமாலையில் தெரிந்த நீலக் கோடுகளைப் பார்த்து, வானநீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் பெயர் வைத்தார்கள். நீலத்தைப் பிடிக்க நீலம்.

இந்தியாவுக்கு இந்தப் பேச்சு வந்தது கப்பல் வழியாக. அயர்லாந்திலிருந்து இறங்கிய வெண்ணெயில் செர்னோபில் நஞ்சு இருக்கிறது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. அது உச்ச நீதிமன்றம்வரை போனது. நிபுணர்கள் ஆராய்ந்து, தீங்கில்லை என்றார்கள். தயிர் கடைந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் புரியும்: சீசியம் கொழுப்போடு சேராது, நீரோடு போய்விடும். வெண்ணெய் பிழைத்தது, மோர் மாட்டிக்கொண்டது. ஜெர்மனியின் பவேரியாவில் பாலாடைக்கட்டி செய்து மிஞ்சிய நீரை உலர்த்தினால், கதிரியக்க மாவு 5,000 டன் சேர்ந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து வைத்திருந்தார்கள்.

2016 வந்தபோது சீசியத்தில் பாதி பேரியமாகக் கரைந்திருந்தது. ஆட்டில் குறைந்தது, மானில் குறைந்தது. பவேரியக் காட்டுப்பன்றியில் மட்டும் அந்த வேகத்தில் குறையவில்லை. குளிர்காலத்தில் தீனி அருகும்போது பன்றி மண்ணைக் கிண்டி, உள்ளேயே விளையும் ஒருவகைக் காளானைத் தின்னும். அந்தக் காளானுக்குச் சீசியம் என்றால் உயிர். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு பன்றி இறைச்சியைப் பிரித்துப் பார்த்தபோது, அதில் கணிசமான பங்கு செர்னோபிலுடையதே அல்ல. 1950களிலும் 60களிலும் வானத்தில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளுடையது. முந்தி வந்தது முந்தி அந்த ஆழத்தை எட்டியிருக்கிறது. செர்னோபில் சீசியம் காட்டு மண்ணில் மெல்ல மெல்ல, இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.