சூத்திரப் புலம்

சூத்திரப் புலம் என்பது, பயனர் தட்டச்சு செய்யாமல், அதே வரிசையிலுள்ள மற்றப் புலங்களைக் கொண்டு மென்பொருளே கணித்துக் காட்டும் தரவுத்தளப் புலம். ஸோகோ கிரியேட்டர், ஏர்டேபிள், நோஷன் முதலிய இணையப் பணித்தளங்களில் இவ்வசதி உண்டு.

எடுத்துக்காட்டாக ஒரு நெல் கணக்கைப் பார்க்கலாம். விழுப்புரம் மாவட்டம் செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நெல் வரத்துக்குப் பேர்போனது. அங்கே விலை 75 கிலோ மூட்டைக்குப் பேசப்படும். அரசின் ஆதரவு விலையோ குவிண்டால் கணக்கு. நேரடி கொள்முதல் நிலையத்தில் பிடிப்பது 40 கிலோ சிப்பம். மூன்றையும் ஒப்பிட விரும்பும் விவசாயி, மூட்டை எண்ணிக்கை, மூட்டை எடை, மூட்டை விலை ஆகிய மூன்றை மட்டும் பதிந்தால் போதும். 42 மூட்டை, 75 கிலோ, 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையை எடையால் பெருக்கி 100ஆல் வகுக்கும் புலம் 31.5 குவிண்டால் என்று காட்டும். அடுத்த புலம் குவிண்டால் விலை 2,000 என்றும், மற்றொன்று மொத்தத் தொகை 63,000 என்றும் காட்டும்.

கணக்கை முன்பே போட்டு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பழையது. திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்யப்பட்ட எண்சுவடியில் குழிமாற்று என்னும் பகுதி நில அளவைக்கான பெருக்கல்களைத் தயாராகத் தந்தது. கிராமக் கணக்கைக் கர்ணம் எழுதினார். அந்தப் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கைப்பேரேட்டில் விளைவு ஒருமுறை எழுதப்பட்டால் எழுதப்பட்டதுதான். மூல எண் திருத்தப்பட்டால் கூட்டுத்தொகையையும் ஒருவர் தேடித் திருத்த வேண்டும்.

கணினியில் இந்தச் சிக்கலை அணுகும் இரு மரபுகள் உண்டு. கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட உறவுமுறைத் தரவு மாதிரி பற்றிய கட்டுரை, ஒன்றிலிருந்து பெறத்தக்கதைத் திரும்பச் சேமிப்பதால் எழும் முரண்பாட்டை ஆராய்ந்தது. 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் விரிதாள், எண்ணை மாற்றியதும் விடையும் மாறும் விந்தையைக் கடைக்காரர்வரை கொண்டுசென்றது. ஆனால் விரிதாளில் சூத்திரம் கட்டத்துக்குக் கட்டம் தனித்தனி. நடுவில் ஒரு கட்டத்தின்மேல் யாராவது எண்ணை அடித்துவிட்டால் வெளியே தெரியாது. தரவுத்தளப் புலத்தில் ஒரே சூத்திரம் எல்லா வரிசைக்கும் பொருந்தும். என் கணிப்பில் சூத்திரப் புலத்தின் முதன்மையான சிறப்பு இதுவே.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அட்டவணைக்குள்ளேயே கணக்கீட்டுப் புலத்தைத் தந்தது. மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருள் 2015இல் தந்தது. நிரல் எழுதாதவர்களுக்கான இணையத் தளங்களில் சென்னையில் வளர்ந்த அட்வென்ட்நெட் முன்னோடிகளுள் ஒன்று. அது 2006இல் வெளியிட்டதே ஸோகோ கிரியேட்டர். நிறுவனமே 2009இல் ஸோகோ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. ஏர்டேபிள் 2012இல் தொடங்கப்பட்டது. நோஷனில் தரவுத்தளம் 2018இல் வந்தது.

பிழைகள் பெரும்பாலும் சிறியவை: எண் புலத்துக்குப் பதில் எழுத்துப் புலத்தில் "42 மூட்டை" என்று அடிப்பது, வெற்றுப் புலத்தால் வகுப்பது. மூட்டை எடையைத் தனிப் புலமாக வைக்காமல் சூத்திரத்துக்குள்ளேயே 75 என எழுதிவிடுவது இவற்றைவிட மோசம். அதே நெல் 40 கிலோ சிப்பத்தில் போனால், 42 சிப்பத்துக்கு உண்மையான எடை 16.8 குவிண்டால், திரையோ 31.5 என்றே காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இன்னொரு சிக்கல் காலம் சார்ந்தது. பணித்தளங்களில் சூத்திரப் புலம் பொதுவாக இன்றைய மதிப்பையே காட்டும். சூத்திரத்திலுள்ள ஏற்றுகூலி விகிதத்தை இந்த மாதம் மாற்றினால் போன வருடத்து வரிசைகளின் தொகையும் சேர்ந்து மாறிவிடும். கொடுத்த ரசீதும் திரையும் பொருந்தாது. ஆகவே விற்ற அன்றைய விலையும் கூலியும் அந்தந்த வரிசையிலேயே எண்ணாகப் பதியப்பட வேண்டும். அவற்றைச் சூத்திரத்தில் விடக் கூடாது.