யார் கட்டிய மதில்?

எங்க திருநெல்வேலிப் பக்கம் வயசான கிறிஸ்தவங்ககிட்ட "நீங்க எந்த சபை?"ன்னு கேட்டா, "நாங்க எஸ்.பி.ஜி., அவங்க சி.எம்.எஸ்."னு பதில் வரும். சின்ன வயசுல ஏதோ பஸ் கம்பெனி பேருன்னு நினைச்சிருக்கேன் :-) இரண்டும் இங்கிலாந்து மிஷன் சங்கங்கள். இரண்டுமே ஆங்கிலிக்கன்தான்!

நாசரேத்தில் பிறந்தால் எஸ்.பி.ஜி., மெஞ்ஞானபுரம் என்றால் சி.எம்.எஸ்., நாகர்கோவில் என்றால் எல்.எம்.எஸ்., மதுரை என்றால் அமெரிக்கன் மிஷன். எந்த மிஷனரி எந்த ஊருக்கு வந்தாரோ அந்தப் பிரிவு. லூத்தர், கால்வின் யாருன்னே தெரியாத பனையேறியும் ஐரோப்பியச் சண்டையில் ஒரு கட்சிக்காரர் ஆகிவிட்டார்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். முன்னால் நின்றவர் வெள்ளாளன்விளைக்காரரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர். இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை, இனி ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள்.

அறிக்கைக்கு 2 நாள்தான் ஆச்சு. ஒன்றாவதற்கு 28 வருஷம்! சிக்கல் பிஷப் விஷயத்தில். பிஷப் கை வைத்து அபிஷேகம் செய்தவர்தான் குரு என்பது ஆங்கிலிக்கன் கட்சி. "அப்போ எங்க ஐயர் இத்தனை நாள் கொடுத்த நற்கருணை செல்லாதா?" என்பது மற்றவர்களின் நியாயமான கோபம். கடைசியில், இருக்கிற ஐயர்மாருக்கு மறு அபிஷேகம் வேண்டாம், இனி வருகிறவர்களுக்கு பிஷப் அபிஷேகம் என்று முடிவானது.

1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், 1908-லேயே ஒன்றாகியிருந்த பிரஸ்பிடேரியன் - காங்கிரிகேஷனல் சபை எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆனது. பாவம், அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1-ல் இறந்துவிட்டார். 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடி லுத்தரன்களின் ஊர். அங்கேதான் அறிக்கை பிறந்தது. ஆனால் தமிழ் லுத்தரன் சபை சேரவில்லை. இன்றும் தனிதான்.

இதெல்லாம் சரி. வெளியிலிருந்து வந்த மதிலைப் பற்றி 33 பேரும் சொன்னது உண்மை. ஆனால் உள்ளூர் மதில்?

வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலை 1872-ல் கட்டியபோது, சாதிக்காரங்க தனித்தனியா உட்கார வசதியாக, கால்சட்டை மாதிரி இரண்டு பிரிவாகக் கட்டினார்கள். 1910-ல் தடுப்பை இடித்தபோது விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அந்தத் தடுப்பு லண்டனிலிருந்தோ ரோமிலிருந்தோ கப்பலில் வரவில்லை.

இன்றைக்குக் கல்யாணப் பேச்சு எடுங்க. மாப்பிள்ளை லுத்தரனா, சி.எஸ்.ஐ.யா, கேட்டுவிட்டு "பரவாயில்லை" என்பார்கள். அடுத்த கேள்விக்குத்தான் "பரவாயில்லை" வராது. எங்க வீட்டிலும் வந்ததில்லை.

பிஷப் சிக்கலுக்கு 28 வருஷம் உட்கார்ந்து பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இதைப் பேச எப்போது உட்காரப் போகிறோம்?