மர பெல்லட் சூடேற்றிகளில் எரிபொருள் அடைப்பு – வரலாறு

மர பெல்லட் என்பது காய்ந்த மரத்தூளை உயர் அழுத்தத்தில் பிழிந்து செய்யப்படும் சிறு குச்சி வடிவ எரிபொருள். குளிர்நாட்டு வீடுகளில் இதை எரிக்கும் சூடேற்றிகள், திருகு ஊட்டி ஒன்றின் மூலம் எரிபொருளைத் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. அந்த ஊட்டி அடைத்துக்கொண்டால் நெருப்பு அணையும். நடுக்குளிர்காலத்தில் அது சிறிய தொல்லை அல்ல.

திருகு ஊட்டி பெல்லட்டுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1920களிலும் 30களிலும் அமெரிக்க வீடுகளின் நிலக்கரி உலைகளில் அது பரவலாக இருந்தது. கரியோடு கல்லோ இரும்புத்துண்டோ வந்து திருகை நிறுத்தினால் மோட்டாரும் பற்சக்கரமும் உடையாமலிருக்க, முதலில் முறியும்படி மென்மையான ஊசி ஒன்றை அதில் பொருத்தினார்கள். அடைப்பை நீக்கிப் புது ஊசி போடுவது வீட்டுக்காரரின் வேலை.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மரக்கழிவின் மீது கவனம் திரும்பியது. கால்நடைத் தீவனம் பிழியும் எந்திரங்களே மரத்தூளுக்கும் பயன்பட்டன. 1980களின் தொடக்கத்தில், வாஷிங்டன் மாநிலத்தில், போயிங் நிறுவனப் பொறியாளரான ஜெர்ரி விட்ஃபீல்டு வீட்டுக்கான பெல்லட் அடுப்பை உருவாக்கினார். இத்தகைய அடுப்புகளில் திருகு பெல்லட்டை மேலே தூக்கி, எரிகலத்துக்குள் விழச் செய்கிறது. நடுவில் உள்ள இடைவெளி, தீ பின்னோக்கி ஏறித் தொட்டியைப் பற்றாமல் காக்கிறது. பின்னாளில் இதே பாதுகாப்புக்காகச் சில கொதிகலன்களில் அறைகள் கொண்ட சுழல் சக்கரம் வைக்கப்பட்டது. தீ பரவுவதை அது தடுத்தாலும், நீளமான பெல்லட் அதன் விளிம்பில் மாட்டிக்கொண்டது. ஒரு பாதுகாப்பு, புதியதோர் அடைப்பைக் கொண்டுவந்தது என்றே சொல்லலாம்.

அனுபவத்தில் தெரிந்த காரணங்கள் மூன்று. நீளமான குச்சிகள் தொட்டியின் வாயில் ஒன்றையொன்று தாங்கி வளைவாக நின்றுவிடும். மேலே தொட்டி நிறைந்திருந்தாலும் கீழே ஒன்றும் இறங்காது. உடைந்த தூள் திருகின் முனையில் சேர்ந்து கெட்டிப்படும். ஈரம் பட்டால் பெல்லட் மறுபடி மரத்தூளாக ஊதி, குழாயை இறுக்கிவிடும். மூன்றாவதுதான் மிக மோசம். பெரும்பாலும் திருகையே கழற்ற வேண்டிவரும்.

ஆகவே தீர்வு அடுப்பிலிருந்து எரிபொருளுக்கு நகர்ந்தது. 2010இல் தொடங்கிய ஈஎன்பிளஸ் சான்றிதழும், 2014இல் வந்த ஐஎஸ்ஓ 17225-2 தரமும் பெல்லட்டின் விட்டம் 6 அல்லது 8 மி.மீ., நீளம் 40 மி.மீ.க்குள், ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் என வரையறுத்தன. 40ஐத் தாண்டியவை 1 சதவீதம் வரை இருக்கலாம். ஆனால் எதுவும் 45 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புகள் ஊட்டியில் அடைப்பைக் குறைக்க உதவுகின்றன. ஐரோப்பாவில் லாரியிலிருந்து காற்றழுத்தத்தால் கிடங்குக்குள் ஊதப்படும் பெல்லட் சுவரில் மோதித் தூளாகாதிருக்க, எதிரே ரப்பர் விரிப்பு தொங்கவிடும் வழக்கமும் வந்தது.

அடைப்பு நீக்குவதில் பெரிய ஆபத்து தாமதமாகவே உணரப்பட்டது. சேமிப்பில் உள்ள பெல்லட்டின் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிசனுடன் வினைபுரிந்து, மணமற்ற கார்பன் மோனாக்சைடை வெளியிடுகின்றன. 2006 நவம்பரில் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில் பெல்லட் ஏற்றிவந்த கப்பலில் ஒரு மாலுமி இதனால் இறந்தார். வீட்டுக் கிடங்குகளிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. தேங்கிய பெல்லட்டைத் தள்ளிவிடக் கிடங்குக்குள் இறங்குவது அதுவரை சாதாரண வேலையாகக் கருதப்பட்டது. இப்போது கொதிகலனை முன்னதாகவே நிறுத்தி, கதவைத் திறந்து காற்றோட்டம் விட்டு, வெளியே ஒருவரை நிறுத்திவைத்த பின்பே உள்ளே செல்ல வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறது. நிரப்புக் குழாய்களின் மூடிகளும் காற்றுத் துளைகளுடன் செய்யப்படுகின்றன.