லாக்4ஜே

லாக்4ஜே, ஜாவா செயலிகள் இயங்கும்போது நடப்பவற்றைப் பதிவுசெய்யும் திறந்த மூல நிரலகம். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை இதைப் பராமரிக்கிறது. நிரலைத் தொடாமல், வெளியே உள்ள அமைவுக் கோப்பின் வழியாகவே பதிவுகளைக் கட்டுப்படுத்தும் முறையை ஜாவா உலகில் நிலைநிறுத்தியது இதுவே.

வரலாறு

மின்வணிகப் பாதுகாப்பை ஆராய்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செம்பர் திட்டத்துக்காக 1996 தொடக்கத்தில் ஒரு தடமறி இடைமுகம் எழுதப்பட்டது. பலமுறை திருத்தப்பட்டு அதுவே லாக்4ஜே ஆயிற்று. இதன் முதன்மை ஆக்குநர் செகி குல்சூ. 1.0 பதிப்பு 2001 ஜனவரியில் வெளிவந்தது. 2002இல் வந்த 1.2 பதிப்பு வரை, நிரல் தன் செய்திகளை ஒப்படைக்கும் லாகர் வகுப்புக்குக் ‘கேட்டகரி’ என்றே பெயர். அதே ஆண்டு ஜாவா 1.4, ஏழு நிலைகள் கொண்ட தனிப் பதிவுத் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டது. ஏற்கெனவே பரவியிருந்த லாக்4ஜேயை விட்டுவிட்டு எடுத்த இந்தத் தேவையற்ற முடிவால் நிரலகங்கள் இரு தரப்பாயின. இரண்டையும் இணைக்க காமன்ஸ் லாகிங்கும், பின்னர் குல்சூவே எழுதிய எஸ்எல்எஃப்4ஜேயும் தேவைப்பட்டன.

லாகர் படிநிலை

லாகருக்குப் பொதுவாக அது இடம்பெறும் வகுப்பின் முழுப்பெயரையே சூட்டுவர். பெயரிலுள்ள புள்ளிகள் மரபுவரிசையைக் காட்டும்: ‘கடை.ரசீது’ என்பதன் பெற்றோர் ‘கடை’. எல்லாவற்றுக்கும் மேலே வேர் லாகர். செய்தியின் தீவிரத்தைக் குறிக்கும் நிலைகள் ட்ரேஸ், டிபக், இன்ஃபோ, வார்ன், எரர், ஃபேட்டல் என ஏறுமுகமாக அமையும்; லாகர் தன் நிலைக்குக் கீழான செய்திகளை ஏற்காது. நிலை குறிக்கப்படாத லாகர், தன் நெருங்கிய மூதாதையின் நிலையை ஏற்கும். ஆகவே வேருக்கு வார்ன் என்றும் ‘கடை.ரசீது’க்கு மட்டும் டிபக் என்றும் இரண்டே வரிகளில் அமைத்துவிடலாம். ஏற்கப்பட்ட செய்தி, அதை வெளியே எழுதும் அப்பெண்டர்களுக்குப் போகும்போது மூதாதையரின் அப்பெண்டர்களுக்கும் செல்லும்; வழியில் அவர்களின் நிலை மீண்டும் சரிபார்க்கப்படாது. ஒரே வரி இருமுறை பதிவாவதற்கு இதுவே வழக்கமான காரணம். இப்படி மேலே அனுப்பும் ‘அடிட்டிவிட்டி’ அமைவை அணைத்தால் அது நிற்கும்.

அப்பெண்டரும் லேஅவுட்டும்

செய்தி திரைக்கா கோப்புக்கா என்பதை அப்பெண்டரும், வரியின் வடிவத்தை லேஅவுட்டும் தீர்மானிக்கின்றன. குறித்த அளவை எட்டியதும் கோப்பை மாற்றும் அப்பெண்டரும் உண்டு.

இன்றைய நிலை

புதிதாக எழுதப்பட்ட 2ஆம் பதிப்பு 2014இல் வந்தது. முதல் பதிப்புக்கான ஆதரவு 2015இல் முடிந்தது. 2021 டிசம்பரில் வெளியான ‘லாக்4ஷெல்’ என்ற பாதுகாப்புக் குறை, தீவிரத்தன்மை அளவுகோலில் 10க்கு 10 பெற்று, அடுத்தடுத்த திருத்தப் பதிப்புகளால் சரிசெய்யப்பட்டது.