நள்ளிரவு ஜெபமும் மற்றோர் அறையும்: ஆதித் திருச்சபையில் வீட்டு ஜெபத்தின் இடம்

கிரிகரி டிக்ஸ் 1945இல் எழுதிய 'தி ஷேப் ஆஃப் த லிட்டர்ஜி' வழிபாட்டு வரலாற்று ஆய்வில் இன்றும் செல்வாக்குள்ள நூல். கான்ஸ்டன்டைனுக்கு முந்திய சபையின் பொது வழிபாடு நற்கருணையை மையமாகக் கொண்டு, வரப்போகும் தேவராஜ்யத்தை நோக்கி நின்றது என்பார் டிக்ஸ். நாளின் வேளைகளைப் பரிசுத்தப்படுத்தும் நோக்கம் 4ஆம் நூற்றாண்டில்தான், பெரும்பாலும் துறவியரின் வழியாக, பொது வழிபாட்டுக்குள் வந்தது; அதுவரை விசுவாசி வீட்டில் செய்த ஜெபம் அவரவர் தனிப்பக்தி. 4ஆம் நூற்றாண்டு மாற்றத்தைப் பற்றி அவர் சொல்வதில் பெரும்பகுதி ஏற்கத்தக்கதே. வீட்டு ஜெபத்தைச் சபைக்கு வெளியே நிறுத்தும் அந்தக் கோட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கோட்டை அழிக்கும் சான்று, டிக்ஸே 1937இல் பதிப்பித்த 'அப்போஸ்தலப் பாரம்பரியம்' என்ற ஆதித் திருச்சபை விதிநூலில் இருக்கிறது.

அதன் 41ஆம் அதிகாரம் ஒரு விசுவாசியின் நாளை வேளைவேளையாக வகுக்கிறது. எழுந்ததும் வேலையைத் தொடுமுன் கை கழுவி ஜெபம். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணிகளில் ஜெபம். படுக்குமுன், நள்ளிரவில், சேவல் கூவும் வேளையில் மறுபடியும் ஜெபம். மூன்றாம் மணிக்கு வெளியே இருப்பவர் மனத்துக்குள் ஜெபித்தால் போதும். வேலை செய்து பிழைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதிய ஒழுங்கு இது.

நான் நின்று வாசிக்க விரும்புவது நள்ளிரவுப் பகுதியை. அது வெரோனா நகரின் இலத்தீன் சுவடியில் கிடைக்கிறது. 5ஆம் நூற்றாண்டு எழுத்தை 8ஆம் நூற்றாண்டில் சுரண்டிவிட்டு, அதன்மேல் செவில் நகர இசிதோரின் நூலை எழுதிய தோல் ஏடுகள் அவை. அடியில் இருந்ததை ஹவுலர் என்ற அறிஞர் 1900இல் வெளியிட்டார். நள்ளிரவில் எழுந்து கை கழுவி ஜெபிக்க வேண்டும். மனைவி உடனிருந்தால் இருவரும் சேர்ந்து ஜெபிக்க வேண்டும். அவள் இன்னும் விசுவாசியாகவில்லை என்றால், கணவன் மற்றோர் அறைக்குப் போய் ஜெபித்துவிட்டுப் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். திருமண உறவால் தீட்டில்லை என்பதும், மூச்சின் ஈரத்தைக் கையில் ஏற்றுச் சிலுவை அடையாளம் இட வேண்டும் என்பதும் அடுத்து வருகின்றன.

மற்றோர் அறை எதற்கு? மனைவியின் தூக்கம் கெடாதிருக்க என்று சொல்ல வாசகத்தில் இடமில்லை. விசுவாசியான மனைவியையும் அதே நள்ளிரவில்தானே எழச் சொல்கிறது? விடை அதே நூலின் 18ஆம் அதிகாரத்தில் இருப்பதாகக் கருதுகிறேன். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் விசுவாசிகளோடு கலவாமல் தனியே ஜெபிக்க வேண்டும் என்பது அங்கே சபைக்கு இடப்பட்ட விதி. அதே விதிதான் இங்கே வீட்டுக்குள் செயல்படுகிறது. 380ஐ ஒட்டிச் சிரியாவில் தொகுக்கப்பட்ட 'அப்போஸ்தலக் கட்டளைகள்' இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஆயத்தமாகிறவரோடு விசுவாசி வீட்டில்கூட ஜெபிக்கலாகாது. யார் யாரோடு ஜெபிக்கலாம் என்று படுக்கையறை வரை சபை வரையறுக்கும்போது, அந்த ஜெபத்தைத் தனிப்பக்தி என்று எப்படிச் சொல்வது? நள்ளிரவில் தன்னந்தனியே நிற்பவரும் சபையின் எல்லைக்குள் நின்றே ஜெபிக்கிறார்.

இந்த விதி எங்கே, எப்போது எழுந்தது என்பது தீரவில்லை. டிக்ஸ் நம்பியபடி இந்த நூலை 215ஐ ஒட்டி ரோமாபுரியில் ஹிப்போலிட்டு எழுதினார் என்ற முடிவை பிராட்ஷா, ஜான்சன், பிலிப்ஸ் மூவரும் 2002இல் வெளியிட்ட உரை வலுவாக மறுக்கிறது. 2ஆம் நூற்றாண்டு முதல் 4ஆம் நூற்றாண்டு வரையிலான பல அடுக்குகளை அவர்கள் காண்கிறார்கள். நள்ளிரவுப் பகுதி எந்த அடுக்கு என்று அறுதியிட முடியாது. ஆயினும் அதைப் பிற்காலச் சேர்க்கை என்று தள்ளுவோர் தெர்த்துல்லியனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜில் அவர் தம் மனைவிக்கு எழுதிய நூலில், புறமதக் கணவனோடு வாழும் கிறிஸ்தவப் பெண்ணின் இக்கட்டைப் பேசுகிறார். படுக்கைமேலும் உடல்மேலும் சிலுவை அடையாளம் இடுவதையும், மூச்சை ஊதித் தீயதை அகற்றுவதையும், இரவில் எழுந்து ஜெபிப்பதையும் அவள் கணவன் கண்ணிலிருந்து எப்படி மறைப்பாள் என்று கேட்கிறார். மூச்சு, சிலுவை அடையாளம், இரவு ஜெபம், மதம் வேறுபட்ட தம்பதியர் நான்கும் இரு நூல்களிலும் ஒருசேர வருகின்றன. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியது என்பதற்குச் சான்றில்லை. ஆகவே இரண்டுக்கும் பின்னால் ஒரு பொது வழக்கம் இருந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

எல்லா விசுவாசிகளும் இரவுதோறும் எழுந்தார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. விதிநூல் சொல்வது நடந்ததை அல்ல, நடக்க வேண்டியதை. மற்றோர் அறைக்குப் போகச் சொல்லும் விதி, ஓரறைக் குடித்தனக்காரரை எண்ணிப் பார்க்கவும் இல்லை. ஆனால் டிக்ஸின் பிரிவினைக்கு இந்த விதியில் இடமில்லை என்பது உறுதி. 4ஆம் நூற்றாண்டில் கோயில்களில் ஒலித்த வேளை ஜெபங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள், அதை இந்த வீடுகளிலிருந்தே தொடங்க வேண்டும்.