திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர் திறன் மேம்பாடு

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரப் பனியன் கம்பெனிகளில் தானியங்கி எந்திரங்களும் கணினியும் நுழைந்தபின், டெய்லர், கட்டிங் மாஸ்டர், நிட்டிங் ஆபரேட்டர், சாயப்பட்டறைத் தொழிலாளர் ஆகியோரின் வேலையறிவு மாறிவரும் விதத்தையும் அதற்கான பயிற்சி ஏற்பாடுகளையும் குறிப்பது. 1920-களில் உள்ளாடை பின்னத் தொடங்கிய ஊர் இது. 1970-களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வெரோனா தேடி வந்தபின் வெளிநாட்டுச் சந்தையின் பக்கம் திரும்பியது. ஏற்றுமதி பெருகப் பெருக எந்திரங்களும் மாறின.

இங்கே தையல் பெரும்பாலும் பள்ளியில் கற்றதல்ல. பவர் டேபிள் எனும் தையல் எந்திர வரிசையில் ஹெல்பராகச் சேர்பவர் துண்டுகளை அடுக்கிக் கட்டுவார், கைமடித்துக் கொடுப்பார், பிசிர் வெட்டுவார். டெய்லர் சாப்பிட எழுந்த நேரத்தில் கழிவுத் துணியில் எந்திரத்தை ஓட்டிப் பழகுவார். சில மாதங்களில் சிங்கர், பிறகு ஓவர்லாக், பேட்லாக் எந்திரங்கள் என ஏறுவார். சான்றிதழ் தராத இந்தப் பள்ளிதான் ஊரின் ஏற்றுமதியைத் தாங்கிய டெய்லர்களில் பெரும்பாலோரை உருவாக்கியது. தானியங்கி எந்திரம் முதலில் கைவைப்பது இதன் அடிப்படியில்தான் என்பதே இங்குள்ள சிக்கல். தையல் முடிந்ததும் தானே நூலை வெட்டிக்கொள்ளும் எந்திரம் வந்த வரிசையில் பிசிர் வெட்டும் வேலை சுருங்குகிறது. ஹெல்பர் இடம் குறைந்தால் டெய்லராக ஏறும் வழியும் குறைகிறது. அந்த இடங்களில் பெரும்பாலும் இருப்பவர்கள் பெண்கள்.

தையலை முழுதாக எந்திரத்திடம் விடுவது இன்னும் கைகூடவில்லை. பின்னல் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருளும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் துண்டுகளில் ஒன்றை மட்டும் எடுப்பது இரும்புக் கைக்குக் கடினம். அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்த சாஃப்ட்வேர் ஆட்டோமேஷன் நிறுவனம் தையல் ரோபோக்களை உருவாக்கிவருகிறது. கம்போடியாவின் ஆடை, காலணித் துறை வேலைகளில் 88 விழுக்காடு வரை தானியங்கி எந்திரங்களால் பறிபோகும் ஆபத்து உண்டு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2016 ஆய்வு எச்சரித்தது. திருப்பூரில் அந்த மாற்றம் ஒரே அலையாக வரவில்லை. பிரிவு பிரிவாக வருகிறது.

கட்டிங்கில் அது ஆழமாக இறங்கியிருக்கிறது. ஆடையின் செலவில் பெரும்பங்கு துணிக்கே என்பதால், துணியில் துண்டுகளை அடுக்கிக் காட்டும் வரைபடமான மார்க்கரில் விரற்கடை அகலம் மிச்சமானாலும் முதலாளிக்கு லாபம். அளவுகளைக் கணினித் திரையில் இடைவெளியின்றி அடுக்கி, வெட்டும் எந்திரத்துக்கு நேராக அனுப்பிவிடலாம். ஆனாலும் ரோலிலிருந்து வரும் துணியை ஆறவிட வேண்டும். விரித்த கையோடு வெட்டினால் பிறகு சுருங்கி, ஒரு சைஸ் குறைந்து நிற்கும். எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்பதைத் துணியைத் தொட்டுச் சொல்லும் பழைய கட்டிங் மாஸ்டரின் அறிவு, மென்பொருள் கற்ற இளைஞருக்கும் தேவை. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதே சிறந்த பயிற்சி.

சாயத்தொழிலில் மாற்றம் வேறு வழியாக வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யல் ஆறு மாசுபட்டதே காரணம். கழிவுநீரை வெளியேற்றாத முறை கட்டாயமானபின், சவ்வூடு பரவல் எந்திரங்களையும் ஆவியாக்கிகளையும் இயக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். சாயத் தொட்டியில் கைவிட்டுப் பழகிய தொழிலில் வேதியியல் தெரிந்த ஆபரேட்டர் என்ற புதிய வேலை பிறந்தது.

முறையான பயிற்சிக்கு நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி 1997-இல் முதலிபாளையத்தில் தொடங்கப்பட்டது. ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தின் ஆதரவிலான ஏடிடிசி பயிற்சி மையங்களும் உண்டு. 2017-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த சமர்த் திட்டம், புதிதாகச் சேர்வோருக்கும் ஏற்கெனவே வேலையிலிருப்போருக்கும் பயிற்சி தருகிறது. தமிழ்நாட்டு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை நவீனப்படுத்தும் பணியில் இறங்கியது. ரோபோட்டிக்ஸ், சிஎன்சி, மின்வாகனப் பராமரிப்பு போன்றவை அங்கே முன்னிற்கின்றன. பேட்லாக் எந்திரத்தின் கணினிப் பலகையைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கையும் அதே மதிப்போடு உருவாக்கினால் திருப்பூருக்கு நேரடிப் பயன் கிடைக்கும்.

பயிற்சி நிலையம் எத்தனை இருந்தாலும், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட் ஒரு தடையாக நிற்கிறது. பழகாத எந்திரத்தில் முதல் வாரங்களில் பீஸ் குறையும், கூலியும் குறையும். வார இறுதிச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது தாங்காத இழப்பு. பழகும் நாட்களுக்குப் பழைய சராசரிக் கூலியை உறுதிசெய்தால் இந்தத் தடை விலகும். கூலி உயர்வை இங்கே உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பேசி ஒப்பந்தமாக்குவதே வழக்கம். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. பயிற்சிக்காலக் கூலியையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

மொழி இன்னொரு தடை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இப்போது தையல் வரிசைகளில் பெருமளவில் இருக்கிறார்கள். எந்திரத் திரையின் எழுத்து ஆங்கிலத்தில், சூப்பர்வைசரின் விளக்கம் தமிழில், கற்பவரின் மொழி ஒடியாவோ இந்தியோ. அதனால் பாடத்தின் பெரும்பகுதி இன்றும் கையைப் பிடித்துக் காட்டியே நடக்கிறது.